கயிறு பிடித்தவன் இறங்க வேண்டாம்

அன்றைக்கு நீ சொம்பை இடது கையால் வாங்கினாய். நான் முதலில் பார்த்தது அதைத்தான். முகம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது, பாதி ஆளாக இளைத்திருந்தாய் என்பதெல்லாம் அப்புறம்தான் கண்ணில் பட்டது. சின்னப் பிள்ளையில் இடது கையால் சோற்றைத் தொட்டதற்காக உங்கப்பாவிடம் அடி வாங்கியவன் நீ. பட்டாளத்துக்குப் போய்ப் பழக்கம் மறந்துவிட்டதோ என்று ஒரு நொடி எனக்குக் கோபம்கூட வந்தது. வலது கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. சாப்பிட உட்காரும்போது அதை எடுத்துத்தானே ஆகவேண்டும். எடுத்தாய். சுண்டு விரல் இல்லை, மோதிர விரல் இல்லை, நடுவிரலில் பாதி இல்லை. மிச்சம் இருந்த விரல்களால் பிசைந்து சாப்பிட்டாய். நான் ரசம் ஊற்றினேன். வீட்டில் நான், உன் தங்கை, நீ என்று மூன்று பேர் இருந்தோம். மற்றவர் பேச்சை எடுக்கட்டும் என்று மூன்று பேருமே காத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் நீ பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. நான் பேசுகிற மாதிரியே எழுது பாப்பா என்றால் மாட்டேன் என்கிறாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடிதான் எழுதுவாளாம். அவளை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியது நான்தான் என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று நீ கேட்டபோது அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொன்னேன். அது பொய். காட்டில் வெங்காயத் தாள் அரிய என்னோடு இன்னொரு கை வேண்டியிருந்தது. நீ அப்போது பயிற்சியில் இருந்தாய், உன்னைத் திருப்பிக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை, அவளை நிறுத்தினேன். வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லாத பிள்ளையிடம்தான் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறோம். இதை எழுதும்போதும் அவள் தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டேதான் இருக்கிறாள்.

வைகாசியில் மறுபடியும் அந்த மலைக்கே போகிறேன் என்று அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய். நந்துவின் உடம்பைக் கொண்டு வந்துவிடுகிறேன், அம்மாவிடம் பக்குவமாகச் சொல் என்று அதில் எழுதியிருக்கிறாய். பக்குவமாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது. அப்படியே படித்துக் காட்டிவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள். நான் சோளக்காட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் முறை நீ அந்த மலையைப் பற்றிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போன வருஷம் மாசியில் லீவுக்கு வந்திருந்தாய். நான் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு படத்தைக் காட்டினாய். வெள்ளையாக ஒரு சுவர். "இது மலையோட வடக்கு மொகம்மா" என்றாய். "மொகம்ங்கிற, கண்ணு மூக்கு ஒன்னையும் காணமே" என்றேன். நீ சிரித்துவிட்டு என் கையிலிருந்த முறத்தைப் பிடுங்கிச் சுவரில் நட்டக்குத்தலாகச் சாய்த்து வைத்தாய். மற்றப் பக்கங்களில் ஆட்கள் ஏறியிருக்கிறார்கள், இந்தப் பக்கத்தில் இதுவரைக்கும் ஒரு ஆள் ஏறினதில்லை என்றாய். முறத்தின் பின்னல் இடுக்கில் ஒரு சோள முத்தைச் செருகி, இங்கே முதல் கூடாரம் என்றாய். அதற்கு மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. மூன்றாவது முத்து நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. "அங்க கூடாரத்த ஆணியில தொங்க விட்டுத்தான் தூங்கணும். ஒரு டம்ளர் தண்ணி வேணும்னா பனிய ஒரு மணி நேரம் உருக்கணும். மூச்சு வாங்கும். பத்து அடி ஏறிட்டு, நின்னு, ஓட்டப்பந்தயம் ஓடுனவன் மாதிரி இழுத்து இழுத்து விடணும்" என்றாய். "இவ்ளோ கஷ்டப்பட்டு அங்க என்னாத்த எடுத்தாரப் போற?" என்றேன். "ஒன்னுமில்ல. ஏறிட்டு எறங்கிடறதுதான்" என்றாய். உன் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உங்கப்பா உயிரோடு இருந்த காலத்தில்கூடப் பார்த்ததில்லை. அதனால்தான் போகாதே என்று உடனே சொல்ல வாய் வரவில்லை.

போகாதே என்று சொல்லியிருந்தால் போதும். நான் வேறு கேள்வி கேட்டேன். "உன் கயித்த யாரு புடிக்கிறான்?" என்றேன்.

உங்கப்பாவும் உன் மாமனும் கல் குவாரியில் செய்த வேலை அது. வெடி வைத்த பிறகு பாறையில் விழாமல் தொங்கிக்கொண்டிருக்கும் கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தள்ள ஒரு ஆள் கயிற்றில் இறங்க வேண்டும். மேலே ஒருவன் அந்தக் கயிற்றை இடுப்பில் சுற்றிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்குவான். பிடிப்பவன் இறங்குகிறவனுக்கு மச்சானாக இருக்க வேண்டும் என்பது குவாரியில் கண்டிப்பு. கூடப் பிறந்தவளின் தாலி கயிற்றின் அந்த நுனியில் தொங்குகிறது, கை அசந்துபோக மனம் வராது என்பார்கள். அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள், பங்காளி என்று. உங்கப்பாவுக்கு என் தம்பிதான் பிடித்தான். அந்த ஒன்றுதான் எனக்குத் தெரியும். மலைக்கும் அதையே கேட்டேன்.

"நந்துன்னு ஒருத்தன்மா. திருமழபாடிக்காரன். எங்க செட்டு" என்றாய்.

"நமக்கு என்ன முறை ஆவுது?"

"அங்கல்லாம் முறை பாக்க மாட்டாங்கம்மா. கயிறு புடிக்கத் தெரியுதான்னுதான் பாப்பாங்க."

"முறை இல்லாதவன் கையில கயித்தக் குடுத்துட்டு நீ போவாத."

நீ சிரித்தாய். விளையாட்டாகத்தான், "அப்ப பாப்பாவ அவனுக்குக் குடுத்துடு. மச்சானாயிருவான்" என்றாய். அடுப்படியில் இருந்த இவள் காதிலும் விழுந்தது. நீ விளையாட்டாகச் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இந்தக் குடும்பத்தில் நான் செய்த தவறுகளில் இதற்கு இணை இல்லை. பிள்ளையின் உயிருக்குக் காவலாகப் பெண்ணைக் கட்டிவைக்கப் பார்த்தேன்.

பையனும் நல்லவனாகப் போய்விட்டான். கெட்டவனாக இருந்திருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். பங்குனியில் திருமழபாடிக் கோயிலில் நடக்கிற நந்தி கல்யாணத்துக்கு வாருங்கள் என்று அவன் அம்மா கூப்பிட்டார்கள். கல்யாணமாகாத பிள்ளைகள் வந்து பார்த்தால் சீக்கிரம் முடியும் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் நீயும் நந்துவும் ஆளுக்கு ஒரு பானகத்தை வைத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்தீர்கள். நான் "மாப்ள" என்று கூப்பிட்டேன். "அம்மா, ராசுவ கூப்புடற மாதிரி கூப்புடுங்க. மாப்ளன்னா இப்பவே வெத்தல பாக்கு மாத்தச் சொல்வாங்களோன்னு பயமா இருக்கு" என்றான். உன் தங்கை முகத்தை என் தோளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் வரவில்லை. என் முதுகு குலுங்கியதில்தான் தெரிந்தது. பத்து நாளில் நிச்சயம் செய்தோம். மலையிலிருந்து இறங்கி வந்ததும் ஆவணியில் கல்யாணம். லீவு முடிந்து நீங்கள் கிளம்பும்போது நான் நந்துவின் கையைப் பிடித்து, "எம் புள்ள கயிறு ஒங்கிட்ட இருக்கு சாமி" என்றேன். "ராசு கயிறு என்கிட்ட, என் கயிறு ராசுகிட்ட. ரெண்டு பேராலயும் தப்பு பண்ண முடியாதும்மா" என்றான்.

உங்கள் இரண்டு பேர் படத்தையும் போட்டு பசங்கள் குன்னம் கடைத்தெருவில் பேனர் கட்டினார்கள். நீ படித்த பள்ளிக்கூடத்தில் மைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். யாருமே ஏறாத மலையில் ஏறப் போகிறாயே, உனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டாள். நீ சொன்னாய்: "எங்கப்பா குவாரியில விழுந்தப்ப, கயிறு புடிச்ச எங்க மாமா அதே பாறையில இன்னொரு கயித்தக் கட்டிகிட்டு எறங்கிப் போயி அவரத் தூக்கிட்டு வந்தாரு. கயிறு புடிச்சவன்தான் எறங்கணும். அத எனக்கு எங்கம்மா சொல்லிச் சொல்லி வளத்தாங்க." எல்லாரும் கை தட்டினார்கள். உன் மாமன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வெளியே போய்விட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். எனக்குத் தெரியும் ஏன் போனான் என்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். சொல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

மலையில் நடந்ததை நீ எனக்கு முழுதாகச் சொன்னதில்லை. கிளம்புகிற அன்றைக்குச் சுவரைப் பார்த்துச் சொன்ன நாலு வரிதான். உச்சிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது, காற்று மாறிவிட்டது, இரண்டு பேரும் பேசித் திரும்பிவிடுவோம் என்று முடிவெடுத்தீர்கள். நீ மேலே நின்று பிடித்தாய், அவன் முதலில் இறங்கினான். மேலேயிருந்து கல் வந்தது. கயிறு ஒரு பாறை விளிம்பில் அழுந்தியிருந்தது. "கை லேசாயிடுச்சும்மா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அதற்குப் பிறகு மிச்சக் கயிற்றோடு தனியாக இரண்டு நாள் இறங்கியதையும், கையுறையைத் தொலைத்ததையும், கீழே இருந்தவர்கள் உன்னைத் தூக்கி வந்ததையும் உன் ஆபீசர்தான் போனில் சொன்னார். நந்து விழுந்த இடம் தெரியும் என்றும், ஆனால் அந்தச் சரிவில் எந்நேரமும் கல்லும் பனியும் கொட்டிக்கொண்டிருப்பதால் போய் எடுக்க முடியவில்லை என்றும் சொன்னார். எந்நேரமும் கொட்டுகிறது என்று அவர் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்த இடத்துக்குத்தான் நீ இப்போது ஏழு விரலும் ஒரு பாதியுமாகப் போகப் போகிறாய்.

கொண்டு வருகிறேன் என்று நீ நந்துவின் அப்பா அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பாய் என்றுதான் நான் நினைத்தேன். உடம்பு வராமல் கருமாதி செய்ய மாட்டேன் என்று அவன் அப்பா ஆடியில் பிடிவாதமாக இருந்தார். அவர்கள் காலில் விழுந்தாவது அந்த வாக்கைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று போன வெள்ளிக்கிழமை நானும் பாப்பாவும் கிளம்பினோம். அரியலூர் போய் பஸ் மாறித் திருமழபாடியில் இறங்கினோம். இறங்கின இடத்திலேயே நந்துவின் கண்ணீர் அஞ்சலி பேனர் கிழிந்துபோய்த் தொங்கியது. அந்தப் படம் நிச்சயத்தன்று எடுத்தது. அவனை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். சரியாக வெட்டவில்லை. அவன் தோளுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு கீற்று இருந்தது. உன் தங்கையின் புடவை. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நந்துவின் அம்மா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க சம்பந்தி" என்றார்கள். இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் உட்காரவில்லை.

"ராசு மறுபடியும் அங்க போறேங்கிறான். நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்" என்றேன்.

"நான் எங்க போவச் சொன்னேன்?" என்றார்கள். "ஒக்காருங்க மொதல்ல. தை அமாவாசைக்கே கொள்ளிடத்துல எல்லாம் முடிச்சிட்டோம். வைக்கோல்ல ஆள் மாதிரி கட்டி, அவன் சட்டையப் போட்டு. இவுங்கப்பாதான் ரொம்ப நாளு மாட்டேன்னாரு, அப்புறம் அவரே சரின்னுட்டாரு. ஒங்களக் கூப்புடல. அந்தப் புள்ள மொகத்துக்கு முன்னாடி எப்புடிக் கொளுத்தறது?"

"ராசுவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே போன் போட்டு நான்தான் சொன்னேன். 'தம்பி, முடிச்சிட்டோம்டா, நீ ஒன்னும் மனசுல வச்சிக்காத'ன்னேன். 'சரிம்மா'ன்னான்." ஒரு புளியை எடுத்துப் பிதுக்கினார்கள். கொட்டை தெறித்து என் காலடியில் விழுந்தது. "பனியில கெடந்தா ஒன்னும் ஆவாதாம்ல. மொகம் அப்படியே இருக்குமாம்ல. யாரோ சொன்னாங்க. இருக்கட்டும் சம்பந்தி. எங்கயோ முழுசா இருக்கான். கொண்டாந்துட்டா நான் எரிக்கணும்ல?"

உன் தங்கை அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து புளியை எடுக்கத் தொடங்கினாள். கூடை தீரும்வரை இரண்டு பேரும் அதையே செய்தார்கள். கடைசியில் அவர்கள் இவள் கையைப் பிடித்து, "பிசுக்கா இருக்கு, போயிக் கழுவிக்க தாயி" என்றார்கள். அது ஒன்றுதான் அவளிடம் பேசியது.

திரும்பி வரும்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து யோசித்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே உன்னை விட்டுவிட்டார்கள். உன் ஆபீசரும் உன்னை வற்புறுத்தவில்லை, கை இருக்கிற நிலையில் யோசித்துக்கொள் என்றுதான் சொன்னாராம். அப்படியானால் உன்னை மேலே இழுப்பது யார்? நான்தான். உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான் சொன்ன ஒரு பொய்.

இப்போது சொல்லிவிடுகிறேன். உன் மாமன் இறங்கவில்லை.

உங்கப்பா விழுந்த அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். வெங்காயக் காட்டில் இருந்த என்னை ஒருவர் டி.வி.எஸ். ஃபிப்டியில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். இடுப்பில் இவள், இரண்டு வயது. நான் போனபோது உன் மாமன் பாறை விளிம்பில் இன்னொரு கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கயிறு அறுந்த இழுப்பில் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. அந்தக் கையால் முடிச்சுப் போட முடியாமல் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தான். சுற்றி நின்ற யாரும் தடுக்கவில்லை. பிடித்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும் என்பது குவாரி வழக்கம், அதனால் வழி விட்டு நின்றார்கள். பாறையிலிருந்து கல் உதிர்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கீழே உங்கப்பா கிடந்தார். அசைவு இல்லை. அந்த உயரத்திலிருந்தே அது தெரிந்தது. நான் இவளைச் சரளைக்கல் மேல் அப்படியே இறக்கி வைத்துவிட்டு உன் மாமன் காலைக் கட்டிக்கொண்டேன்.

"அக்கா விடு. நான்தான் எறங்கணும்."

"நீ எறங்குனா நான் புள்ளையத் தூக்கிகிட்டுப் பின்னாலயே குதிப்பேன்."

"எல்லாரும் பாக்கறாங்கக்கா."

"பாக்கட்டும்."

கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தான். அப்புறம் உட்கார்ந்துவிட்டான். அவன் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு நானும் கிடந்தேன். மறுநாள் மத்தியானம் தீயணைப்பு வண்டி வந்துதான் உங்கப்பாவை எடுத்தார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் அவர் அங்கே கிடந்தார். துக்கம் கேட்க வந்த மேஸ்திரி சம்சாரம் என் காது படவே, "அக்கா முந்தானையில பூந்துகிட்டான் பாரு" என்றாள். உன் மாமன் அதன் பிறகு குவாரிப் பக்கம் போகவில்லை. நாமும் போகவில்லை, அந்த ஆட்களும் வேறு ஊர்க்காரர்கள். அதனால் உனக்குச் சொல்ல யாரும் இல்லாமல் போயிற்று. காரியம் முடிந்து மறுபடி பள்ளிக்கூடம் போன அன்றைக்கு வந்து நீ கேட்டாய், "அப்பாவ யாரும்மா மேல தூக்கிட்டு வந்தா?" மாமா ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான் என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்? நீ அவனை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன். நமக்கு இருந்த ஒரே ஆண் துணை அவன். "மாமாதான் எறங்கித் தூக்கிட்டு வந்தாரு. கையப் பாரு, எப்படி ஆயிடுச்சுன்னு" என்றேன். நீ போய் அவன் கட்டுப் போட்ட கையை எடுத்து உன் கன்னத்தில் வைத்துக்கொண்டாய். அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே பேசாதே என்றேன். பதினேழு வருஷமாகப் பேசவில்லை.

எத்தனை தடவை கேட்டிருப்பாய், "மாமா, எப்புடி எறங்குனீங்க, பயமா இல்லியா?" என்று. அவன் ஒவ்வொரு முறையும், "பரோட்டா திங்கிறியா மாப்ள, சூடா இருக்கு" என்பான். அடக்கம் என்று நினைத்தாய். அவன் அடக்கமானவன் இல்லை சாமி, வாயாடி. அந்த ஒரு விஷயத்தில்தான் நான் அவன் வாயைத் தைத்து வைத்திருந்தேன். நான் செய்த இரண்டில் ஒன்று சரி, ஒன்று தப்பு. காலைப் பிடித்தது சரி. அதை உன்னிடம் மறைத்ததுதான் தப்பு. இறங்கிய மாமனைச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். இறங்காமல் இருந்தவனோடுதான் நீ வளர்ந்தாய், அது உனக்குத் தெரியவே இல்லை.

அவன் இறங்காததால் என்ன ஆயிற்று என்று கேட்டால், பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாடாலூர் மெயின் ரோட்டில் பரோட்டா போடுகிறான். அவன் பெண் நர்சிங் படிக்கிறாள். கால் வீங்கிக்கொள்கிறது, நின்றே வேலை செய்வதால். இன்றைக்கும் கரட்டு மேல் கல் உடைக்கிற கிரஷர் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவான். நன்றாக இருக்கிறான் என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறான். நான் அன்றைக்கு அவனிடம் கேட்டது அவ்வளவுதான், உன்னிடம் கேட்பதும் அவ்வளவுதான். நீ சந்தோஷமாக இரு என்றுகூட நான் கேட்கவில்லை. அந்தக் கயிறு உன் கையில் லேசான நிமிஷம் உன்னை விட்டுப் போகாது. உன் மாமனுக்குப் போகவில்லை. மலைக்குப் போனாலும் போகாது, நந்துவைத் தூக்கிக்கொண்டே வந்தாலும் போகாது. போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதோடு சாப்பிடு, குளி, போனை எடு, எடுத்து வெறுமனே மூச்சாவது விடு. நான் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் காலைக் கட்டிக்கொள்ள எனக்கு எட்டவில்லை. வந்து பிடிக்கலாம் என்றால் அந்த மலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நீ போய்விடுவாய் என்றுதான் என் மனம் சொல்கிறது. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் கிளம்பினாலும் கிளம்பியிருப்பாய். சேர்ந்தாலும், பொய் சொன்ன அம்மா பயத்தில் இன்னொரு பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வாய். நான் உன்னை வளர்த்த விதத்துக்கு அதுவும் நியாயம்தான். ஆனாலும் சொல்கிறேன். கயிறு பிடித்தவன் இறங்க வேண்டாம். இறங்க வேண்டும் என்று உனக்குச் சொன்னது நான். வேண்டாம் என்று சொல்வதும் நான்.

*

அண்ணே, இனி எழுதுவது நான் மட்டும். குன்னம் தபால் ஆபீசில் பசை டப்பா வைத்திருக்கும் மேசையில் வைத்து எழுதுகிறேன்.

எழுதி முடித்ததும் அம்மா முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார். மாமாவைப் பற்றிய இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அத அடிச்சுடு பாப்பா. அது அவன் மானம். அவனக் கேக்காம நம்ம எழுதறது பாவம்" என்றார். அதை அடித்தால் மிச்சக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. சரி என்றேன். பக்கத்தில் கிடந்த பழைய பேப்பரில் பேனாவை அழுத்தி நாலு கோடு இழுத்தேன். சத்தம் கேட்டு அம்மா தலையாட்டினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அம்மாவிடம் நான் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை.

அம்மாவிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன்னிடமும் சொன்னதில்லை. நீங்கள் மலைக்குக் கிளம்பிய அன்றைக்கு அவர் எனக்குப் போன் செய்தார். நான் எப்போதும் போல 'ம்' கொட்டினேன். அவர்தான் பேசினார். "பயப்படாத. ஒங்க அண்ணன வூட்ல கொண்டாந்து விட்டுட்டுத்தான் மத்த வேல" என்றார். நீ வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாய். திரும்பப் போகாதே. எனக்காகப் போகிறாய் என்றால், நான் கேட்கவில்லை.

வரிசையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். காகிதங்களை எண்ணிவிட்டேன். இதையும் மடித்துக் கவரை ஒட்டிவிட்டு அவர்கள் பின்னால் போய் நிற்கிறேன்.